காட்டில் மாட்டுப்பட விரும்புவோர் கவனத்துக்கு

சுன்னாகத்தில் வழி தவறுவது லேசுப்பட்ட காரியமல்ல. காங்கேசன்துறை வீதியில் நின்று கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாலே போதும், கடை வாசலில் இருக்கிற ஒருவர் எழும்பி வந்து, "தம்பி, ஆற்றை வீட்டைத் தேடுறீர்?" என்று கேட்டுவிடுவார். பெயரைச் சொன்னால் வழி மட்டும் வராது. அந்த வீட்டுக்காரரின் எல்லைத் தகராறு, மகளுக்குக் கொடுத்த சீதனம், மகன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த கதை எல்லாம் சேர்ந்தே வரும். வீட்டிலிருந்து வெளிக்கிடுகிற ஆளிடம் "எங்கை போறாய்?" என்று கேட்பது எங்களுக்கு அபசகுனம். அதற்காக அறியாமல் விட முடியுமா? "தூரப் பயணம் போலை?" என்று கேட்போம். போகிற இடத்தையும் திரும்புகிற நேரத்தையும் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பது காட்டுக்குள் போகிறவர்களுக்கு முதல் விதியாம். வெள்ளைக்காரர் அதைப் புத்தகம் போட்டு விற்கிறார்கள். நாங்கள் சந்திக்குச் சந்தி ஆள் வைத்து இலவசமாகவே நடத்துகிறோம்.

ஒரே குறை, இந்தத் திறமையைக் காட்ட எங்களிடம் காடு இல்லை. சிவந்த மண், வெங்காயம், வாழை, பனை, ஒரு கதியால் வேலி. அதைத் தாண்டினால் இன்னொரு கதியால் வேலி. காட்டில் மாட்டுப்படத்தான் வேண்டும் என்றால் ஆனையிறவைக் கடந்து வன்னிக்குப் போகவேண்டும். அந்த வன்னிக் காடு எங்கள் ரயிலையே மூன்று வருஷம் மறித்து வைத்திருந்தது. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சுன்னாகம், யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரைக்கும் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. கொழும்பிலிருந்து வரவேண்டிய தண்டவாளம் காட்டையெல்லாம் கடந்து வந்து சேர்ந்ததோ 1905 ஓகஸ்டில். அதுவரைக்கும் எங்கள் புகையிரதம், கட்டையில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி, குடாநாட்டுக்குள்ளேயே போவதும் வருவதுமாக நின்றது.

ரயிலாவது தண்டவாளத்துக்காகக் காத்திருந்தது. அந்தப் புத்தி பல பெரிய மனிதர்களுக்கு இருக்கவில்லை. இந்தத் தீவின் காடுகளில் தொலைந்து வரலாற்றில் இடம் பிடித்தவர்களில் கனபேர் உலகத்தின் மறு அந்தத்திலிருந்து வந்தவர்கள். ஆபிரிக்காவின் அடிமுனையைச் சுற்றி, புயலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் தப்பி, மாதக்கணக்காகக் கடலில் மிதந்து, சொன்ன துறைமுகத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தவர்கள். கரையிறங்கி நாலு நாள் உள்ளே நடந்ததும் ஆள் இல்லை.

தொடக்கி வைத்தவர் கொன்ஸ்தந்தினு த பிறகன்சா. கோவாவில் இருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி. 1560இல் படையோடு வந்து யாழ்ப்பாண அரசின் தலைநகரமான நல்லூரைப் பிடித்தார். பிடித்துப் பார்த்தால் அரசனைக் காணவில்லை. வீட்டைப் பிடித்தால் வீட்டுக்காரனும் பிடிபடுவான் என்று நினைத்தவரின் பிழை அது. துரத்திக்கொண்டு போன படைக்குச் சாப்பாடு முடிந்தது; அரசன் முடியவில்லை. பிறகு ஒரு ஒப்பந்தம். அதற்குப் பிறகு ஊர்ச்சனம் கிளம்பி அடித்த அடியில் கப்பலை நோக்கி ஓட்டம். போகிற வழியில் மன்னாரைப் பிடித்ததும், புத்தரின் பல் என்று சொல்லப்பட்ட ஒரு பல்லைக் கோவாவுக்குக் கொண்டுபோனதும்தான் பயணத்தின் வரவு. அந்தப் பல்லுக்குப் பேகு நாட்டு அரசன் பெருந்தொகை தருவதாகச் சொன்னான். வாங்கிக் கடனை அடைத்திருக்கலாம். பாதிரிமார் விடவில்லை, இடித்துப் பொடியாக்கிவிட்டார்கள். ஆக, வரவிலும் பாதி தூள்.

அடுத்தது கண்டி. இங்கே போர்த்துக்கேயர் ஒரே பிழையை 1594, 1630, 1638 என்று மூன்று தரம், மூன்று தளபதிகளைக் கொண்டு செய்து பார்த்தார்கள். ஒரு தரம் செய்தால் பிழை, மூன்று தரம் செய்தால் கொள்கை.

கண்டியரசனுக்குக் கல்மதில் பெரிதாகத் தேவைப்படவில்லை. காடுதான் மதில். எல்லைக் காட்டை வெட்ட விடுவதில்லை. பாதையை அகலமாக்க விடுவதில்லை. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். இடையிடையே முள்ளுக் கதவு, கதவுக்குக் காவல். வருகிற படையை வாசலில் மறிக்கிற வழக்கமும் கிடையாது. "வாங்கோ, வாங்கோ" என்று உள்ளே விட்டு, தலைநகரத்தையும் காலிபண்ணிக் கொடுத்துவிட்டு, பின்னாலே பாதையை அடைப்பதுதான் முறை. வந்தவன் வெறும் வீடுகளைக் கொளுத்தி, வெற்றி வெற்றி என்று கூத்தாடி, அரிசி முடிந்து, திரும்புவோம் என்று பார்க்கும்போதுதான் கச்சேரி தொடங்கும்.

1594இல் போனவர் பேத்ரு லோப்பஸ் த சோசா. தோனா கத்தரினா என்ற இளவரசியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சிம்மாசனத்தில் ஏற்றுவது திட்டம். கூடப் போன சிங்களப் படைக்குத் தலைவன் ஜயவீர பண்டார. வழி தெரிந்தவன், ஆள்பலம் உள்ளவன். காட்டுக்கு நடுவே நிற்கையில் தளபதிக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. தீர விசாரித்தாரா? இல்லை. கொல்லச் செய்தார். வழிகாட்டியை வெட்டிவிட்டு வழி தேடிய படை உலகத்தில் வேறெங்காவது இருந்ததோ தெரியாது. அவனுடைய சிங்கள வீரர்கள் ஆளுக்காள் மறுபக்கம் போனார்கள். தந்துறையில் கதை முடிந்தது. இளவரசி மட்டும் மாட்டுப்படவில்லை. அவளை எதிரியே கலியாணம் செய்து அரசியாக்கினான். போர்த்துக்கேயரின் திட்டம் அந்த அளவில் நிறைவேறியது.

1630இல் கொன்ஸ்தந்தினு த சா. திறமைசாலி என்று பெயர் எடுத்தவர். ஊவாவுக்குள் போய்ப் பதுளையைக் கொளுத்திவிட்டுத் திரும்புகையில் றந்தெனிவெலவில் அவருடைய சொந்தச் சிங்களத் தளபதிகளே கட்சி மாறினார்கள். அதோடு மழை. மழையில் வெடிமருந்து நனைந்தால் துவக்கு ஒரு நல்ல பொல்லு. பொல்லுச் சண்டையில் மலைநாட்டார் கெட்டிக்காரர். 1638இல் தியோகு த மெலோ. முந்தின இருவருக்கும் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். செங்கடகலை என்ற கண்டி நகரத்துக்குப் போனார், நகரம் வெறுமை, கொளுத்தினார், திரும்பினார், கன்னொறுவையில் வளைக்கப்பட்டார். உயிரோடு மிஞ்சிய போர்த்துக்கேயர் முப்பத்து மூன்று பேர் என்று சொல்வார்கள். வளைத்தவன் இரண்டாம் இராஜசிங்கன். இவனை மறக்க வேண்டாம், திரும்ப வருவான்.

இங்கிலாந்துக்காரர் இதையெல்லாம் படித்துத் தெளிந்து வந்திருப்பார்கள் என்றால், அதுவும் இல்லை. 1803இல் கண்டியில் ஒரு முழுப் படையை இழந்துவிட்டு, அடுத்த வருஷமே தேசாதிபதி நோர்த் ஆறு திசையிலிருந்து ஆறு படை அனுப்ப யோசித்தார். யோசித்துப் பார்த்துக் கைவிட்டார். நல்ல முடிவு. அந்த முடிவு மட்டக்களப்பில் இருந்த கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரனுக்கு விளங்குகிற மாதிரி எழுதப்படவில்லை. வந்த கடிதத்தை அவர் "புறப்படு" என்று வாசித்தார். ஏறக்குறைய முந்நூறு பேரோடு செப்டெம்பர் 20ஆம் திகதி வெளிக்கிட்டு, காடும் மலையுமாக ஏறி, ஒக்டோபர் 6ஆம் திகதி கண்டிக்குப் போய்ச் சேர்ந்தார். மற்ற ஐந்து படைகளையும் தேடினார். அவை தத்தம் முகாம்களில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தன. கலியாணம் நிற்பாட்டியது தெரியாமல் தனியாகப் போய்ப் பந்தலில் உட்கார்ந்த ஆளின் நிலைமை. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சூடு வாங்கி வாங்கித் திருகோணமலைக்கு இறங்கினார். உயிரோடு போய்ச் சேர்ந்தது பெரிய காரியம்தான். 1810இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்திருந்தால் இலக்கியத்துக்கு அந்த நட்டம் வந்திருக்கும்.

இவர்கள் எல்லாம் படையோடு போனவர்கள். ஆயிரம் பேர் சேர்ந்து வழி தவறினால் அதற்குப் போர் என்று பெயர் வைத்து மறைத்துவிடலாம். தனி ஆளாக மாட்டுப்பட்டு, தனி ஆளாக வெளியே வந்த கதைதான் உண்மையான பாடம். அதற்கு றொபேட் நொக்ஸ் வேண்டும்.

இரண்டு றொபேட் நொக்ஸ் உண்டு, அப்பனும் மகனும். அப்பன் 'ஆன்' என்ற கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலுக்குக் கப்டன். 1659 நவம்பரில் சோழமண்டலக் கரையில் அடித்த புயலில் பாய்மரம் போயிற்று. மரம் வெட்டிப் பூட்டிக்கொண்டு போகலாம் என்று கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். வந்த புதிதில் கப்பல்காரர் சரியான உஷார். ஆளை நம்புவதில்லை, அடியெடுத்து வைக்க முன் நாலு பக்கமும் பார்ப்பு. இருபது நாள் போயிற்று. ஒருவரும் கடிக்கவில்லை. போகலாம், வரலாம், "உங்கடை ஊர் மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ" என்ற உபசாரம். உஷார் போய்விட்டது. காட்டில் ஆளை விழுத்துவது முதல் நாள் பயமல்ல. இருபத்தோராம் நாள் தைரியம்.

இன்னொரு பிழையும் இருந்தது. கண்டியை ஆண்ட இராஜசிங்கனுக்கு ஒரு கடிதமும் இல்லை, ஒரு பரிசும் இல்லை. மகன் நொக்ஸே பிற்பாடு, அதனால்தான் அரசன் கோபித்திருப்பான் என்று எழுதுகிறார். எங்கள் ஊரில் ஒரு காணிக்குள் மாடு கட்டுவதென்றாலும் காணிக்காரரிடம் ஒரு வாழைக்குலையோடு போய்ச் சொல்லிவிட்டுத்தான் கட்டுவோம். இவர்கள் அரசனின் மரத்தை வெட்டிக்கொண்டு, அரசனின் கடற்கரையில் துணி விற்றுக்கொண்டு, அரசன் ஒருவன் இருப்பதையே மறந்துவிட்டார்கள். அரசன் மறக்கவில்லை. திசாவை என்ற மாகாண அதிகாரி ஒருவரைப் படையோடு அனுப்பினான். அரச கடிதம் வந்திருக்கிறது, கப்டன் வந்து வாங்கவேண்டும் என்று ஆள் விட்டார்கள். மூதூரில் ஒரு புளியமரத்தின் கீழே கப்டன் ஆறுதலாக இருக்கையில் அமத்திப் பிடித்தார்கள். புளியமரத்தடியில் பேய் இருக்கும் என்று எங்கள் ஆச்சிமார் சொல்வதை அப்பன் நொக்ஸ் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

மகனைக் கப்பலுக்கு அனுப்பி, கப்பலைக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பெடியன் கப்பலுக்குப் போனான். "ஓடித் தப்புங்கோ" என்று சொன்னான். தான் மட்டும் அப்பனிடம் சொன்ன சொல்லுக்காகத் திரும்பி வந்தான். வயது பத்தொன்பது. காட்டு நூல்கள் எல்லாம் இதைப் பெரிய பிழை என்றுதான் எழுதும். நான் பிழை என்று எழுதமாட்டேன். பிடிபட்ட பதினாறு பேரையும் மலைநாட்டுக்குள் கொண்டுபோய் ஊருக்கு ஒருவர் இருவராகப் பங்கு வைத்தார்கள். 1661 பெப்ரவரியில் அப்பன் காய்ச்சலில் கண்ணை மூடினார். அடக்கம் செய்ததும் மகன்தான்.

இராஜசிங்கனுக்கு வெள்ளைக்காரர் சேர்ப்பது ஒரு பொழுதுபோக்கு. ஒல்லாந்தத் தூதர், போர்த்துக்கேயர், ஆங்கிலேயர் என்று வைத்திருந்தான். 1672இல் பிரெஞ்சுத் தூதர் ஒருவர் தானாகவே வந்து சேகரிப்பில் சேர்ந்தார். அரண்மனைக்குக் கிட்டக் குதிரையை விட்டு இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் போனார். பிறகு, அரசன் கூப்பிடும் வரைக்கும் பொறுத்திருக்கச் சொன்னதைத் தாங்க முடியாமல் எழும்பித் தங்குமிடத்துக்குத் திரும்பிப் போனார். விளைவு, விலங்கு. கச்சேரியில் ஒரு கையெழுத்துக்காகக் காலையிலிருந்து வாங்கில் குந்தியிருந்து பழகிய எங்களில் ஒருவரை அனுப்பியிருந்தால் பிரான்சுக்குத் திருகோணமலையே கிடைத்திருக்கும்.

நொக்ஸ் மகனுக்கு வருவோம். கனபேர் ஊர்ப் பெண்களைக் கட்டி, பிள்ளை குட்டியோடு அங்கேயே வேர்விட்டார்கள். இவர் கட்டவில்லை. தொப்பி பின்னி விற்றார். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். வட்டி நூற்றுக்கு ஐம்பது. எலதெத்தவில் தென்னந்தோட்டத்தோடு ஒரு துண்டுக் காணியும் வாங்கி வீடு கட்டினார். கலியாணம் கட்டாமல், வட்டிக்குக் கொடுத்து, காணி வாங்கி, ஊரைவிட்டுப் போகவேண்டும் என்ற ஒரே நினைப்போடு இருந்த இந்த மனிதருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கிளை உறவு இருந்திருக்கவேண்டும். ஒரு கிழவரிடம் இருந்த ஆங்கில வேதாகமத்தைக்கூட ஒரு பின்னல் தொப்பிக்கு மாற்றித்தான் வாங்கினார்.

தப்புகிற வேலையை அவர் நடத்திய முறைதான் முக்கியம். ஒரு இரவில் மனம் பொங்கி எழுந்து ஓடவில்லை. ஸ்டீவன் றட்லண்ட் என்ற கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு அங்காடி வியாபாரியாக மாறினார். வடக்குப் பக்கத்துக்குச் சாமான் கொண்டுபோவது, விற்பது, விசாரிப்பது, திரும்பி வருவது. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் வடக்கே. இப்படி எட்டு ஒன்பது வருஷம். சில வருஷம் வரட்சியில் குடிக்கத் தண்ணீர் இல்லை, திரும்பினார்கள். சில தரம் காய்ச்சல், திரும்பினார்கள். மலையேறப் போய் மாட்டுப்படுகிற இன்றைய இளசுகளுக்கு இந்த ஒரு சொல்தான் வாயில் வருவதில்லை: திரும்புவோம். "இவ்வளவு தூரம் வந்திட்டம், இனி என்ன" என்பார்கள். நொக்ஸ் அவ்வளவு தூரம் போய்விட்டு, உள்ளியும் மிளகும் விற்ற காசோடு பேசாமல் வீட்டுக்கு வந்தவர்.

அந்தப் பக்கத்துக் குளத்துத் தண்ணீர் நிற்கிற தண்ணீர், குடித்தால் காய்ச்சல் நிச்சயம். அதற்கு ஊராரிடம் ஒரு மருந்து கற்றுக்கொண்டார். கஞ்சா இலையைக் காயவைத்து இடித்து, வெல்லத்தோடு பிசைந்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில். தலை சுற்றும், ஆனால் காய்ச்சல் அண்டாது என்று எழுதியிருக்கிறார். காய்ச்சல் அண்டவில்லையா, அண்டியது தெரியவில்லையா என்பது ஆராய வேண்டிய விஷயம். ஆராய்ந்தார்கள். லண்டன் றோயல் சொசைற்றியில் 1689இல் விஞ்ஞானி றொபேட் ஹூக் இந்த இலையைப் பற்றிப் பேசினார். அவருக்குத் தகவல் கொடுத்தவர் நொக்ஸ்தான். வாசகர்கள் இந்த மருத்துவத்தைச் செய்துபார்க்க வேண்டாம். காட்டில் மாட்டுப்பட முன் பொலிசில் மாட்டுப்படுவீர்கள்.

1679 செப்டெம்பர் 22ஆம் திகதி கடைசித் தரமாக வெளிக்கிட்டார்கள். கலுவில என்ற ஊரில் அதிகாரியிடம் நேரே போய் நின்று, காய்ந்த மான் இறைச்சி வாங்க வந்தோம் என்றார்கள். ஒளிந்து திரிகிறவனைத்தான் எல்லாரும் தேடுவார்கள்; அதிகாரி வீட்டுத் திண்ணையில் இருந்து இறைச்சி விலை பேசுகிறவனை யார் தேடுவது? அநுராதபுரம் வரைக்கும் போய் வழியையெல்லாம் நோட்டம் பார்த்தார்கள். ஒக்டோபர் 12ஆம் திகதி, வீடு திரும்புகிறவர்கள் மாதிரித் தெற்கே கொஞ்சம் நடந்துவிட்டு, காட்டுக்குள் பூந்தார்கள்.

மூட்டையில் என்ன இருந்தது என்பதை நொக்ஸ் வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார். பத்து நாளுக்கு அரிசி. சமைக்க ஒரு பானை. தண்ணீருக்குச் சுரைக்குடுவை. கூடாரத்துக்குப் பதிலாக இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை. வெல்லம், வெற்றிலை, புகையிலை. ஒன்று பழுதானால் மற்றது என்று நெருப்பு மூட்டுகிற பெட்டி இரண்டு மூன்று. முள்ளுக் குத்தாமல் செருப்புத் தைக்க மான் தோல். நீளக் கம்பில் கட்டிய சின்னக் கோடாரி ஆளுக்கொன்று, இடுப்பில் கத்தி. புலிக்கும் கரடிக்கும் இது காணும், யானைக்கு ஓட்டம்தான் மருந்து என்று கணக்கும் போட்டிருந்தார். ஒரு சாமான்கூட வீண் இல்லை. வெற்றிலை வீண் என்று சொல்கிறவர் வெற்றிலை போடாதவர்.

இதற்கு மறுகோடியில் நிற்பவர் லெனாட் வூல்ப். 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்கு வந்த இளம் துரை. ரயில் அநுராதபுரத்தோடு நின்றது. அங்கிருந்து வன்னிக் காடு முழுக்க மாட்டு வண்டியில். அவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த சொத்தில் சார்ள்ஸ் என்ற நாய் ஒன்றும், வோல்த்தேரின் நூல்கள் தொண்ணூறு தொகுதியும் அடக்கம். காடு நடுவில் மாடு படுத்திருந்தால் வாசிக்க நேரம் இருந்திருக்கும். எங்கள் சனத்துக்கும் மூட்டை கட்டிய அனுபவம் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் போரால் வெளிக்கிட்டபோது, சைக்கிளில் கொள்கிற அளவுதான் சாமான் என்றபோது, காணி உறுதியை எடுக்க மறந்த சுன்னாகத்தார் குறைவு. அரிசியை மறந்தவர்கள் உண்டு. அதில் பகிடிக்கு இடமில்லை. நொக்ஸுக்குத் திட்டம் போட எட்டு ஒன்பது வருஷம் கிடைத்தது, இவர்களுக்கு ஒரு பின்னேரம்.

காட்டுக்குள் நொக்ஸ் பிடித்துக்கொண்டது ஒரு ஆற்றை. சிங்களத்தில் மல்வத்து ஓயா, நாங்கள் அருவியாறு என்போம். இது எங்கே போய் விழுகிறது என்பதை அவர் முன்பே கேட்டறிந்திருந்தார். ஆற்றைக் கண்டால் கீழ்நோக்கி நட என்று சும்மா சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள். போய் விழுகிற இடம் தெரியாத ஆறு உங்களைச் சதுப்பிலும் கொண்டுபோய் விடும், அருவியிலும் கொண்டுபோய் விடும். அருவியாறு, பெயர் எப்படி இருந்தாலும், ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைப் பக்கம் போய்க் கடலில் விழுகிறது.

ஓரிடத்தில் திடீரென்று ஆட்களின் சத்தம். இரண்டு பேரும் ஒரு பொந்து மரத்துக்குள் நுழைந்து, சேற்றிலும் ஈரத்திலும் இருட்டும் வரைக்கும் குந்தியிருந்தார்கள். இருட்டியதும் நடை. பின்னால் மறுபடியும் மனிதக் குரல்கள். அப்போது பின்பக்கம் கொப்பு முறிகிற சத்தம். யானைகள். குரல் கேட்கிற இடத்துக்கும் தங்களுக்கும் இடையில் யானைக் கூட்டம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் நொக்ஸுக்குப் பெரிய நிம்மதி. யானையைத் தாண்டி இருட்டில் எந்த மனிதன் வருவான்? யானையைக் கண்டு ஆறுதல் அடைந்த வெள்ளைக்காரர் வரலாற்றில் வேறு இருந்தால் சொல்லுங்கள். இரவில் படுக்கும்போது அதே யானைக்குப் பயந்து நெருப்பு மூட்டினார் என்பது வேறு விஷயம்.

ஆறு வன்னித் தமிழரின் நாட்டுக்குள் வந்தது. நொக்ஸ் அதை ஆள்கிறவனின் பெயரையும் எழுதுகிறார். எழுத்துக் கூட்டிப் பார்த்தால் பனங்காமத்துக் கைலை வன்னியன். கண்டியரசனுக்கும் அடங்கவில்லை, ஒல்லாந்தருக்கும் சரியாகத் திறை கட்டவில்லை. காட்டை நம்பிக் கால்மேல் கால் போட்டிருந்தவன். இங்கேதான் நொக்ஸின் ஒரே பெரிய ஓட்டை வெளிப்பட்டது. பத்தொன்பது வருஷத்தில் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் ஒரு சொல் தெரியாது. அவ்வளவு திட்டம் போட்ட மனிதர், அரிப்புக்குப் போகிற வழியில் என்ன பாஷை பேசுவார்கள் என்று யோசிக்கவில்லை. ஒரு மரத்தடியில் சோறு ஆக்கிக்கொண்டிருந்த இரண்டு பிராமணர்கள் முன்னால் போய், தாடியும் கந்தலுமாக நின்று, கையாலும் காலாலும் கதைத்தார். ஐயர்மார் முதலில் பயந்தார்கள். பிறகு இரக்கப்பட்டார்கள். ஒரு கத்தி, ஒரு சிவப்புத் தொப்பி, கொஞ்சக் காசு கைமாறியது. கொஞ்சத் தூரம் கூட்டிக்கொண்டு போய் வழியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டார்கள்.

ஒக்டோபர் 18ஆம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணிபோல அரிப்புக்கு வந்து சேர்ந்தார்கள். பத்தொன்பது வருஷச் சிறையிலிருந்து வெளியேற, காட்டுக்குள் எடுத்தது ஏழு நாள். அங்கிருந்து மன்னார். அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணப்பட்டினத்து ஒல்லாந்தக் கொமாண்டர் லோறன்ஸ் பெய்ல் அங்கே வந்தார்; தன்னோடு கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்தாவியா சுற்றி 1680இல் லண்டன். மறு வருஷம் புத்தகம் வந்தது. 1719இல் றொபின்சன் குரூசோ எழுதியவர் அந்தப் புத்தகத்தை வடிவாகப் படித்திருக்கிறார் என்பது அறிஞர்கள் முடிவு. யாழ்ப்பாணத்துக்கு நொக்ஸ் வரவே இல்லை. வந்திருந்தால் சுன்னாகத்தில் நெல்லுக்கு என்ன வட்டி ஓடுகிறது என்று கேட்டு எழுதியிருப்பார்.

கதையை இதோடு நிறுத்தினால் நொக்ஸ் காட்டுக் கல்வியின் குருநாதர். நிறுத்தவிடாமல் அவரே கெடுத்தார். சிறைப்பட்டவனின் வலியைப் பக்கம் பக்கமாக எழுதியவர், 1684இல் தானே கப்டனாக மடகஸ்காருக்குக் கப்பல் விட்டார். எதற்கு? அடிமைகள் வாங்க. சென் ஹெலினாத் தீவில் அவர் கரையில் நின்றபோது, அவருடைய சொந்த மாலுமிகள் கலகம் செய்து கப்பலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உடுத்த உடுப்போடு தீவில் நின்றார். அங்கே பிடித்து நடந்து ஊருக்குப் போக ஒரு ஆறு இல்லை. வேறொரு கப்பலில் இடம் பிடித்துத்தான் ஊருக்குப் போனார்.

மூதூர்ப் புளியமரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். கண்டியரசன் பிடித்ததும், பத்தொன்பது வருஷம் வைத்திருந்ததும் அதில் வெட்டியிருக்கிறது. சென் ஹெலினாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.